சுழல் விதியும் வெற்று விடையும்: தரவுத்தள வரலாற்றின் துணையோடு திண்டிவனம், விழுப்புரம் இருளர் சாதிச் சான்றை நோக்குதல்

ஆய்வுச் சுருக்கம்

ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் விதிகளால் தரவுத்தள மென்பொருள் முடிவிலாச் சுழற்சியில் சிக்குவது கணினியியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் சிக்கலாகும். அச்சிக்கலை வல்லுநர்கள் எவ்வாறு கண்டறிந்தனர், எவ்வழிகளில் தடுத்தனர் என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் விளக்குகிறது. அதன் துணையோடு, விழுப்புரம் மாவட்டத்தின் திண்டிவனம், விழுப்புரம் வருவாய்க் கோட்டங்களில் இருளர் மக்கள் பழங்குடிச் சான்று பெறுவதில் எதிர்கொள்ளும் தடையை ஆராய்கிறது. இத்தடை பொதுவாக அலைக்கழிப்பு என்றே பேசப்படுகிறது. பதிவு முறையின் நோக்கில் அங்கு அலைச்சல் ஏதுமில்லை. அடிப்படைக் கூற்று இல்லாத சுழல் விதி, பிழையறிவிப்பின்றித் தரும் வெற்று விடையே அது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், சுழல் விதி, போஸ்ட்கிரெஸ், டேட்டாலாக், இருளர், சாதிச் சான்று, திண்டிவனம், விழுப்புரம்.

1. இரண்டு அட்டவணைகள்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின் கையேட்டில், விதிகளை இயற்றும் கட்டளையை விளக்கும் பகுதியில், நெடுங்காலமாக ஓர் எச்சரிக்கை இடம்பெற்று வருகிறது. இரண்டு அட்டவணைகள் உள்ளன எனக் கொள்வோம். முதல் அட்டவணையை எவரேனும் வினவினால் அதற்கு மாற்றாக இரண்டாம் அட்டவணையை வினவுக என்பது ஒரு விதி. இரண்டாம் அட்டவணையை வினவினால் முதல் அட்டவணையை வினவுக என்பது மற்றொரு விதி. இவ்விரு விதிகளையும் மென்பொருள் தடையின்றி ஏற்றுக்கொள்கிறது. பின்னொரு நாள் முதல் அட்டவணையில் என்ன உள்ளது என்று யாரேனும் கேட்கும்போதுதான் சிக்கல் வெளிப்படுகிறது. விடைக்கு மாறாகப் பிழையறிவிப்பு வருகிறது.

இவ்வெடுத்துக்காட்டில் குற்றம் எந்த ஒரு விதியிலும் இல்லை. இரண்டும் சேரும் இடத்தில் உள்ளது. விதி இயற்றப்படும் நாளில் அது புலப்படுவதில்லை. அதன் விளைவைச் சந்திப்பவர் விதியை இயற்றியவரும் அல்லர், வினவ வந்தவர்.

அரசு அலுவலகத்தின் பதிவு முறையும் அட்டவணைகளாலும் விதிகளாலும் ஆனதே. ஆதலின் மென்பொருளை இங்கு வெறும் உவமையாகக் கொள்ளவில்லை. சாதிச் சான்று வழங்கும் பணி இன்று இ-சேவை மையங்களின் வழியே கணினியில் நடைபெறுகிறது. முன்பு அலுவலகக் கோப்பில் இருந்த நடைமுறைகளே இன்று இணைய விண்ணப்பத்தின் இணைப்பு ஆவணங்களாக உருமாறியுள்ளன. இரண்டு வரலாறுகளும் ஒரே கணினித் திரையில் சந்திக்கின்றன.

இவ்வாய்வுக்குச் சட்டங்கள், அரசாணைகள், தீர்ப்புகள், மாவட்ட விவரச்சுவடி முதலிய பொது ஆவணங்களே பயன்படுத்தப்பட்டுள்ளன. தனியர் எவருடைய கோப்பும் எடுத்தாளப்படவில்லை.

2. பழைய பெயர்கள்

சுழல் வாதம் நம் அளவை நூலார்க்குப் புதியதன்று. தன்னைத் தானே சார்தலை ஆன்மாசிரயம் என்றும், இரண்டு ஒன்றையொன்று சார்தலை அன்னியோன்னியாசிரயம் என்றும், மூன்றோ அதற்கு மேற்பட்டனவோ வட்டமாகச் சார்தலைச் சக்கரகம் என்றும், முடிவின்றிப் பின்னோக்கிச் செல்லுதலை அனவத்தை என்றும் அவர்கள் பிரித்தனர். சைவ சித்தாந்த உரைகளைப் பயில்வோர் இப்பெயர்களை அறிவர். (நன்னூல் தொகுக்கும் நூற்குற்றம் பத்தில் இவற்றுக்குத் தனியிடம் இல்லை. அப்பட்டியல் நூல் இயற்றுவோரின் கூற்றுமுறையைப் பற்றியது. நிறுவல் முறையைப் பற்றியதன்று.)

இப்பிரிவினையை நினைவிற் கொள்வது பயன் தரும். மேற்காட்டிய இரண்டு அட்டவணைகள் அன்னியோன்னியாசிரயத்திற்குத் தூய எடுத்துக்காட்டு. சான்று முறையிலோ அன்னியோன்னியாசிரயமும் அனவத்தையும் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றெனக் கொண்டால் தீர்வும் பிழைபடும்.

3. இங்கிரெஸ் முதல் போஸ்ட்கிரெஸ் வரை

ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட், 1970இல் தரவுகளை உறவு அட்டவணைகளாகக் காணும் கோட்பாட்டை வெளியிட்டார். அதனைச் செயற்படுத்திக் காட்டிய முதன்மையான முயற்சிகளுள் ஒன்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் 1973 அளவில் தொடங்கிய இங்கிரெஸ் திட்டம். 1975இல் ஸ்டோன்பிரேக்கர் எழுதிய கட்டுரையொன்று நம் பொருளுக்கு இன்றியமையாதது. வியூ எனப்படும் தோற்ற அட்டவணையைத் தனியே சேமித்து வைக்க வேண்டியதில்லை. பயனர் அதனை வினவும்போது, அவ்வினவலையே மூல அட்டவணைகளின் மீதான வினவலாகத் திருத்தி எழுதினால் போதும் என்பது அதன் கருத்து. கேள்வியை மாற்றி எழுதி விடை காணும் இம்முறையில்தான் சுழற்சியின் வித்து உள்ளது. மாற்றி எழுதப்பட்ட கேள்வி மீண்டும் மாற்றி எழுதப்பட வேண்டியதாயின், அது எங்கு நிற்கும்?

1986இல் ஸ்டோன்பிரேக்கரும் லாரன்ஸ் ரோவும் போஸ்ட்கிரெஸ் என்னும் அடுத்த அமைப்பின் வடிவமைப்பை வெளியிட்டனர். தரவுகளோடு விதிகளும் தளத்திலேயே வாழவேண்டும் என்பது அதன் இலட்சியங்களுள் ஒன்று. 1989 ஜூனில் முதற்பதிப்பு வெளிப்பயனர் சிலருக்கு வழங்கப்பட்டது. அதன் விதி அமைப்பின் மீது எழுந்த குறைகூறல்களின் விளைவாக அது முற்றிலும் மறுவடிவமைக்கப்பட்டு, 1990 ஜூனில் இரண்டாம் பதிப்பு வந்தது. 1991இன் மூன்றாம் பதிப்பில் விதி அமைப்பு மீண்டும் திருத்தி எழுதப்பட்டது. மூன்று ஆண்டுகளில் மூன்று முறை! விதிகளைத் தரவோடு வைப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு இதுவே சான்று. 1994இல் ஆண்ட்ரூ யூவும் ஜாலி சென்னும் இதில் எஸ்கியூஎல் மொழியைப் புகுத்தினர். 1996 முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயரில் இது திறமூல மென்பொருளாக வளர்ந்துவருகிறது.

சுழற்சியைத் தடுக்க இம்மென்பொருள் கையாண்ட வழியும் காலப்போக்கில் மாறியது. ஒரு கட்டத்தில் அது எண்ணிக்கையை மட்டுமே நம்பியது. ஒரு வினவல் பத்து முறை மாற்றி எழுதப்பட்டுவிட்டால், சுழற்சி இருக்கக்கூடும் என்று அறிவித்து நிறுத்திவிடும். இருக்கக்கூடும் என்பதே அதன் தொனி. உறுதியாக அறியும் ஆற்றல் அதற்கு இல்லை. பின்னர், எந்த அட்டவணைக்கான விதியைத் தான் விரித்துக் கொண்டிருக்கிறது என்னும் பட்டியலை மென்பொருள் வைத்துக்கொள்ளத் தொடங்கியது. விரித்துக் கொண்டிருக்கும் அட்டவணையே மீண்டும் எதிர்ப்பட்டால் முடிவிலாச் சுழற்சி கண்டறியப்பட்டது என்று ஐயமின்றி அறிவிக்கிறது. முன்னது களைப்பினால் நிற்றல். பின்னது நினைவினால் நிற்றல்.

4. எல்லைகளும் வரைபடங்களும்

டிரிகர் எனப்படும் தூண்டு விதிகளில் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. ஓர் அட்டவணையில் மாற்றம் நிகழ்ந்தால் மற்றோர் அட்டவணையை மாற்றுக என்பது இவ்வகை விதி. இரண்டாம் மாற்றம் முதல் அட்டவணையையே மீண்டும் தொடுமாயின் சங்கிலி நிற்காது. வணிக மென்பொருள்கள் பெரும்பாலும் எல்லை வகுத்தே இதனைச் சமாளித்தன. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் 32 அடுக்குகளுக்கு மேல் செல்வதில்லை. எஸ்கியூலைட் இயல்பாக 1,000 அடுக்குகளில் நிற்கிறது. மைஎஸ்கியூஎல் இன்னும் கண்டிப்பானது. தன்னைத் தூண்டிய அட்டவணையை ஒரு டிரிகர் மாற்றவே இயலாது.

எல்லை வகுப்பது நோயைக் காண்பதாகாது. 1992இல் அலெக்சாண்டர் அய்க்கன், ஜெனிபர் விடம், ஜோசப் ஹெலர்ஸ்டைன் ஆகியோர், விதிகள் இயங்குவதற்கு முன்பே அவற்றை ஆராயும் வழியொன்றை முன்வைத்தனர். ஒவ்வொரு விதியையும் ஒரு புள்ளியாக வரைந்து, எது எதனைத் தூண்டக்கூடும் என்பதை அம்புக்குறியால் இணைப்பது அவ்வழி. வரைபடத்தில் வட்டம் இல்லையெனில் விதிகள் நிச்சயம் முடிவுறும். வட்டம் இருந்தாலோ, முடிவுறாது என்று கூறிவிட இயலாது. முடிவுறலாம், முடிவுறாமலும் போகலாம். பொதுநிலையில் இவ்வினாவுக்கு எந்நிரலாலும் விடை காண முடியாது. ஆலன் டூரிங் 1936இல் நிறுவிய வரம்பு இங்கும் குறுக்கே நிற்கிறது.

வட்டமே குற்றமன்று என்னும் இம்முடிவு பின்வரும் பகுதிக்கு அடிப்படையாகும்.

5. வெற்று விடை

1977இல் பிரான்சின் துலூஸ் நகரில் எர்வே கலேரும் ஜாக் மிங்கரும் கூட்டிய கருத்தரங்கில் தருக்கவியலும் தரவுத்தளமும் ஒன்றாக ஆராயப்பட்டன. அம்மரபில் தோன்றியதே பின்னாளில் டேட்டாலாக் எனப் பெயர் பெற்ற விதிமொழி. 1979இல் ஆல்பிரட் ஆஹோவும் ஜெப்ரி உல்மனும், காட் வகுத்த உறவு இயற்கணிதத்தால் மூதாதையர் தொடரைக் கணக்கிட இயலாது என்று காட்டினர். தன்னையே சுட்டும் விதி இன்றியமையாதது என்பது அதனால் தெளிவாயிற்று. 1999ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரத்தில் அத்தகைய வினவல் முறையாக இடம்பெற்றது.

தன்னைச் சுட்டும் விதிக்குப் பொருள் காண்பது எங்ஙனம்? 1976இல் மார்ட்டன் வான் எம்டனும் ராபர்ட் கோவால்ஸ்கியும் இதற்கு விடை கூறினர். உறுதியாகத் தெரிந்த அடிப்படைக் கூற்றுகளிலிருந்து தொடங்குக. விதிகளைப் பொருத்திப் புதிய கூற்றுகளைச் சேர்த்துக்கொண்டே செல்க. மேலும் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை என்னும் நிலையில் நிறுத்துக. அந்நிலையில் திரண்டிருப்பதே விதியின் பொருள். இதனை மீச்சிறு நிலைப்புள்ளி என்பர்.

இரண்டு அட்டவணைகளின் எடுத்துக்காட்டை இம்முறையில் கணித்துப் பார்ப்போம். முதலாவதில் உள்ளவர் இரண்டாவதில் உண்டு. இரண்டாவதில் உள்ளவர் முதலாவதில் உண்டு. தொடக்கத்தில் இரண்டிலும் எவரும் இல்லை. விதியைப் பொருத்துகிறோம், சேர்க்க ஒருவரும் இல்லை. உடனே நிற்கிறோம். இங்குச் சுழற்சியும் இல்லை, பிழையறிவிப்பும் இல்லை. ஒரே நொடியில், முற்றிலும் செம்மையாக, வெற்று விடை கிடைக்கிறது. இதே விதிகளைப் புரோலாக் மொழியில் எழுதி மேலிருந்து கீழாக வினவினால் நிரல் முடிவின்றிச் சுழலும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் பிழை என்று கூவும். டேட்டாலாக்கோ அமைதியாக இல்லை என்கிறது.

இந்த இல்லை என்பதற்கு என்ன பொருள்? தளத்தில் இல்லாதது பொய் எனக் கொள்க என்னும் நெறியை 1978இல் ரேமண்ட் ரைட்டர் மூடிய உலகக் கருதுகோள் என்று வரையறுத்தார். ரயிலின் இருக்கைப் பட்டியலுக்கு அது பொருந்தும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு இருக்கை இல்லை. ஒருவரின் பிறப்புக்கும் குலத்துக்கும் அது பொருந்துமா? 'தெரியாது' என்பதும் 'இல்லை' என்பதும் வேறு வேறு விடைகள். அறியப்படாத மதிப்பை எவ்வாறு கையாள்வது என்பது காட் முதலாகத் தரவுத்தள அறிஞர்களிடையே ஓயாத விவாதமாக இருந்துவருவது இதனாலேயே.

6. செஞ்சி மலையடிவாரத்திலிருந்து இ-சேவை மையம் வரை

தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து 1993 செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி அதிலிருந்து பிரிந்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் விழுப்புரம், திண்டிவனம் என இரண்டு வருவாய்க் கோட்டங்கள் உள்ளன. செஞ்சி வட்டம் திண்டிவனம் கோட்டத்தைச் சேர்ந்தது.

இவ்வட்டாரத்தில் இருளர் வாழ்ந்தமைக்கு எழுத்துச் சான்று பழையது. 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னாற்காடு மாவட்ட விவரச்சுவடி, செஞ்சிக் குன்றுகளை ஒட்டி வாழும் இருளரைக் குறிப்பிடுகிறது. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலின் இரண்டாம் தொகுதி அதனை எடுத்தாள்கிறது. அவ்விவரணையில் காலனிய இனவரைவியலுக்கே உரிய ஏளனப் பார்வை உண்டு. அதனை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் அதிலுள்ள ஒரு செய்தி நம் பொருளுக்கு மிக முதன்மையானது. இருளர் ஓரிடத்தில் இரண்டு மூன்று குடிசைகளுக்கு மேல் சேர்ந்து வாழ்வதில்லை என்கிறது அச்சுவடி. ஊராகத் திரளாத மக்கள் ஊர்க்கணக்கில் இடம்பெறுவது அரிது. வருவாய்த் துறையின் அ-பதிவேடு நிலம் உடையவரின் பெயரை எழுதியது. அடங்கல் பயிரிட்டவரின் பெயரை எழுதியது. எலி பிடித்தும் பாம்பு பிடித்தும் வயலைக் காத்தும் வாழ்ந்தவரின் பெயரை எழுத அவற்றில் கட்டம் ஏதும் இல்லை.

ஆக, நூறாண்டுக்கு முன்னரே இனத்தின் பெயர் அரசின் ஆவணத்தில் உண்டு. ஆளின் பெயர் இல்லை. 1950ஆம் ஆண்டின் அட்டவணைப் பழங்குடியினர் ஆணையும் இனத்தையே பட்டியலிட்டது. இனம் என்னும் அட்டவணைக்கும் ஆள் என்னும் அட்டவணைக்கும் இடையே இணைப்பை உண்டாக்கும் பணி சாதிச் சான்றின் மேல் விழுந்தது.

அவ்விணைப்பை யார் உண்டாக்குவது என்பதில் 1989 நவம்பர் 11 ஒரு திருப்புமுனை. அதுவரை வட்டாட்சியர் வழங்கிவந்த பழங்குடிச் சான்றை இனி வருவாய்க் கோட்டாட்சியரே வழங்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு அன்று ஆணையிட்டது. பழங்குடியினர் அல்லாதோர் அச்சான்றைப் பெற்றுவிடுவதைத் தடுப்பது நோக்கம். 1990இல் மாநிலத்தில் பழங்குடியினருக்குத் தனியே 1 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. சான்றின் மதிப்பும் அதன் மீதான ஐயமும் ஒருசேர உயர்ந்தன. 1994இல் குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றுகளைச் சரிபார்க்கும் குழுக்களை அமைக்குமாறு நெறிமுறைகள் வகுத்தது. அவ்வழக்கும் பொய்யான பழங்குடி உரிமைகோரலைப் பற்றியதே. இவ்வாறு, விதிகளின் வளர்ச்சி முழுவதும் ஒரே அச்சத்தால் நடத்தப்பட்டது. தகுதியற்றவர் நுழைந்துவிடக் கூடாது என்பதே அவ்வச்சம். தகுதியுடையவர் விடுபட்டுவிடக் கூடாது என்னும் எதிர்நிலைக் கவலைக்கு அவ்விதிகளில் இணையான இடம் இல்லை. தருக்கவியலார் இவ்விரண்டையும் செம்மை, நிறைவு என்று பிரித்து, ஒன்று மற்றதற்கு ஈடாகாது என்பர்.

நடைமுறையில் என்ன நிகழ்கிறது? செஞ்சிப் பகுதியில் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அவளுக்குக் கல்லூரி இடம், உதவித்தொகை, விடுதி ஆகிய மூன்றுக்கும் சான்று வேண்டும். விண்ணப்பத்தோடு தந்தையின் சான்று கேட்கப்படுகிறது. தந்தைக்குச் சான்று இல்லை. அவர் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் உழைத்தவர், பள்ளி சென்றதில்லை, சான்று தேவைப்பட்ட நாளும் அவருக்கு இருந்ததில்லை. தந்தை விண்ணப்பித்தால் பாட்டனின் ஆவணம் கேட்கப்படும். பாட்டன் வீட்டில் பிறந்தவர். பிறப்புப் பதிவு இல்லை. இது அனவத்தை. பின்னோக்கிச் சென்று ஆவணமற்ற ஒருவரிடம் போய் முட்டி நிற்கும் தொடர் இது.

அன்னியோன்னியாசிரயம் வேறிடத்தில் உள்ளது. பள்ளிப் பதிவேட்டில் மாணவியின் இனம் என்னவென்று எழுதப்பட்டுள்ளது எனச் சான்று வழங்குவோர் பார்க்கின்றனர். பள்ளியோ, சேர்க்கையின்போது சான்றைக் கேட்கிறது. அது இல்லையெனில் கட்டத்தை வெறுமையாக விடலாம், அல்லது அக்கம்பக்கத்தார் சொல்லும் பெயர் ஒன்றை எழுதிவிடலாம். இரண்டாவது நிலை முதலாவதினும் தீயது. வெறுமையை நிரப்பலாம், தவறாக நிரம்பியதைத் திருத்த மீண்டும் சான்று வேண்டும். குடியிருப்பிலும் இதே வட்டம் உண்டு. ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ குடிசை இட்டவருக்கு மனைப்பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்கு முகவரிச் சான்று தடுமாறும். பழங்குடியினர்க்கான வீட்டுத் திட்டத்தில் சேர்ந்து மனை பெறலாம் என்றால் அதற்குச் சாதிச் சான்று வேண்டும். மூன்று புள்ளிகள், மூன்று அம்புகள்: சக்கரகம்.

இவ்விதிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு துறைக்கு உரியவை. பள்ளிக்கல்வித் துறை தன் விதியைத் தனியே நோக்கும்போது அதில் குறை காணாது. வருவாய்த் துறையும் அவ்வாறே. அய்க்கன் முதலியோர் வரைந்தது போன்ற வரைபடம் எத்துறையிடமும் இல்லை. அது வரையப்படும் ஒரே இடம் விண்ணப்பதாரரின் கால்கள் நடக்கும் வழி.

இங்குதான் இரு கோணங்கள் வேறுபடுகின்றன. மாணவியின் நோக்கில் இது முடிவிலாச் சுழற்சி. புரோலாக் நிரலைப் போல அவள் மேலிருந்து கீழாகக் கேட்டுச் செல்கிறாள். கேட்ட கதவே மீண்டும் எதிர்ப்படுகிறது. பதிவு முறையின் நோக்கிலோ எங்கும் சுழற்சி இல்லை. விண்ணப்பம் வந்தது; ஆவணம் இல்லை; நிராகரிக்கப்பட்டது. கணக்கு முடிந்தது. அடுத்த முறை அவள் விண்ணப்பிக்கும்போது அது புதிய எண்ணுடன் புதிய விண்ணப்பமாகவே நுழைகிறது. பழைய போஸ்ட்கிரெஸ் பத்து வரை எண்ணியது. இம்முறையில் ஒரு குடும்பம் எத்தனையாவது முறையாக வந்துள்ளது என்பதை எண்ணுவதற்கு ஏதுமில்லை. எண்ணாத ஒன்று சுழற்சியை ஐயுறவும் இயலாது. இத்துடன் மூடிய உலகக் கருதுகோளும் சேர்ந்துவிடுகிறது. நிறுவப்படவில்லை என்பது இருளர் அல்லர் என்று படிக்கப்படுகிறது.

அலைக்கழிப்பு என்னும் சொல் அலுவலரின் அலட்சியத்தையோ காழ்ப்பையோ காரணமாக உணர்த்துகிறது. அவை இல்லை என்று நான் கூறவில்லை. ஆனால் ஒவ்வோர் அலுவலரும் நேர்மையாக, விதிப்படி, காலந்தாழ்த்தாது செயற்பட்டாலும் விடை வெற்றாகவே இருக்கும். கணினிமயமாக்கல் விடையை விரைவுபடுத்தும், மாற்றாது.

7. அடிப்படைக் கூற்றை உள்ளிடுதல்

டேட்டாலாக் விதியில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் வெற்று விடையை நிறைவிடையாக்க முடியும். ஓர் அடிப்படைக் கூற்றை உள்ளிட்டால் போதும். பாட்டன் ஒருவரின் பெயர் ஏறினால், தந்தையர் வழி என்னும் அதே விதி அவருடைய மக்கள், பேரர், பங்காளிகள் அனைவரையும் தானே திரட்டிக்கொள்ளும். சுழல் விதி இப்போது தடையன்று, பெருக்கி. மறுதலையாக, விதிகளைத் தளர்த்தி ஆவணங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதால் மட்டும் பயனில்லை. அடிப்படைக் கூற்று இல்லாத இடத்தில் எளிய விதியும் வெற்று விடையே தரும்.

அக்கூற்று ஆவணத்திலிருந்து வர இயலாது என்பதை முந்தைய பகுதி காட்டிற்று. அது கள விசாரணையிலிருந்து வரவேண்டும். கோட்டாட்சியர் நிலை அலுவலரிடம் இப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதன் பொருளும் அதுவே. ஆவணங்களை ஒப்புநோக்குவது மட்டுமே பணியாயின் அதற்கு அத்துணை உயர்நிலை அலுவலர் வேண்டியதில்லை. கன்னியம்மன் வழிபாடு, மாசிமகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடும் வழக்கம், மணவுறவு கொள்ளும் குடிகள், தொழிலறிவு ஆகியன இருளர் குடியிருப்பில் நேரில் கேட்டறியத் தக்கவை. எனினும் இவற்றையும் எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். பண்பாட்டு நெருக்கத்தைச் சோதிப்பதே இறுதி உரைகல் ஆகாது என்று மகாராஷ்டிர ஆதிவாசி தாக்கூர் ஜமாத் வழக்கில் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நகரத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பாம்பு பிடிக்கத் தெரியாது என்பதால் அவர் இருளர் அல்லர் ஆகிவிடமாட்டார். அத்தீர்ப்பு தந்தைவழி உறவினரின் சரிபார்க்கப்பட்ட சான்றுக்குப் பெருமதிப்பு அளித்தது. அவ்வுறவினரின் சான்று முறையான விசாரணையின் பின் வழங்கப்பட்டதா என்று பார்க்கவும் பணித்தது. தொடர் இருப்பவருக்கு இது பெருந்துணை. தொடரின் முதல் ஆளே இல்லாத குடும்பத்துக்கு இதனால் நேரடிப் பயன் இல்லை.

திண்டிவனத்தை மையமாகக் கொண்டு இயங்கும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் பணியை இக்கோணத்திலிருந்து மீண்டும் மதிப்பிட வேண்டும். பேராசிரியர் பிரபா கல்விமணியின் முன்முயற்சியில் அது பல்லாண்டுகளாகச் சான்றுக்காக நடத்திவரும் மனுக்களும் போராட்டங்களும் பெரும்பாலும் உரிமைப் போராட்டம் என்னும் தலைப்பிலேயே எழுதப்பட்டுள்ளன. அது சரியே. அத்தோடு, அரசின் தளத்தில் இல்லாத கூற்றுகளை ஒவ்வொன்றாக உள்ளிடச் செய்த ஆவணப் பணியாகவும் அதனை வரலாற்று மாணவர் காண வேண்டும். ஒரு குடியிருப்பில் முதன்முதலாகப் பெறப்பட்ட சான்று எது, அதன் வழியே எத்தனை பேர் பின்னர்ச் சான்று பெற்றனர் என்னும் வரிசையைத் தொகுத்தால், நிலைப்புள்ளிக் கணக்கு ஊரளவில் நிகழ்ந்த விதத்தைக் காட்டும் அரிய ஆவணமாக அது அமையும். அத்தகைய தொகுப்பு, உரியவர்களின் இசைவோடும் பெயர் மறைப்போடும், செய்யத்தக்க ஆய்வு.

2021 நவம்பரில் ஜெய் பீம் திரைப்படம் வெளிவந்தபோது இருளர் நிலை பரவலாகப் பேசப்பட்டது. அம்மாதம் 4ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்குச் சென்று நரிக்குறவர், இருளர் மக்களுக்கு மனைப்பட்டாக்களையும் சாதிச் சான்றுகளையும் நேரில் வழங்கினார். சக்கரகத்தின் இரு புள்ளிகள் அங்கு ஒரே நாளில், ஒரே இடத்தில் நிரப்பப்பட்டன. விதி எதுவும் அன்று மாறவில்லை, உள்ளீடு மாறியது. அலுவலகத்திற்கு மக்கள் வருவதற்கு மாறாக அரசு குடியிருப்புக்குச் சென்றது. அது முதலமைச்சர் ஒருவரின் வருகையாக நிகழ வேண்டியிருந்தது என்பதே அம்முறையின் அருமையையும் காட்டுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் இருளர் தொகை ஏறத்தாழ 1.9 லட்சம் என்கிறது. கணக்கெடுப்பாளர் வீடுதோறும் சென்று கேட்டெழுதிய எண் அது. எவரிடமும் தந்தையின் சான்றை அவர் கேட்கவில்லை. ஒரே அரசின் ஓர் அட்டவணையில் இவர்கள் இருளராக எண்ணப்பட்டுள்ளனர். மற்றோர் அட்டவணையில் அவர்களுள் எத்தனை பேர் இல்லை என்பதை அறிய, கோட்ட அலுவலகங்களில் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் பதிவேடுகளையும், அவற்றுள் ஒரே குடும்பம் மீண்டும் மீண்டும் வந்த தடங்களையும் ஒப்புநோக்க வேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அப்பதிவேடுகள் ஆய்வாளர்க்குத் திறக்கப்படுமாயின் தொடங்க வேண்டிய இடம் 1989 நவம்பருக்கும் 1993 செப்டம்பருக்கும் இடைப்பட்ட தென்னாற்காட்டுக் கோப்புகள். சான்று வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியருக்குச் சென்ற அந்நான்கு ஆண்டுகளில்தான் இன்றைய தந்தையரின் தலைமுறை பள்ளி வயதில் இருந்தது.